பனிக்குடமும் புரத அளவையும்

மாதம் நிறையும் காலத்தில் 'பனிக்குடம் உடைந்தது' என்பது நம் இல்லங்களில் வழங்கும் சொல். தமிழ் கற்பிக்கும் நாம் இச்சொல்லின் அழகை வியந்ததுண்டு. அதன் குறையை உணர்ந்தது பிற்பாடுதான். உடைதல் என்றவுடன், குடம் சிதறி நீர் கொட்ட வேண்டும் எனக் கேட்போர் எதிர்பார்க்கின்றனர். ஆனால் தாய்மார் சிலருக்குக் குடம் உடைவதில்லை, கசிகிறது.

எம் தமக்கையார் எட்டாம் மாதத்தில் இரண்டு நாள் நீர் கசிந்ததைச் சிறுநீர் எனக் கருதி, நாணத்தால் எவரிடமும் சொல்லாதிருந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. குழந்தை குறைமாதத்தில் பிறந்து, பல வாரங்கள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தது. கசிந்தது எந்த நீர் என்பதை அன்றே அறிந்திருக்க இயலுமா என்ற வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பனிக்குடம் இரு மெல்லிய சவ்வுகளால் ஆனது. உட்சவ்வு அம்னியான், வெளிச்சவ்வு கோரியான். உட்சவ்வில் இரத்தக் குழாய்களே இல்லை. கொலாஜன் என்னும் புரத இழைகளே அதன் வலிமை. பேறுகாலம் நெருங்குகையில் அவ்விழைகளை அரிக்கும் நொதிகள் பெருகுகின்றன. ஆகவே குடம் நலிவது இயற்கையின் ஏற்பாடே. 37 வாரங்கள் நிறையுமுன் அது நேர்ந்தால், குறைமாதப் பேற்றுக்கும், கிருமிகள் மேலேறித் தாயையும் சேயையும் தாக்குவதற்கும் வழி ஏற்படும்.

உள்ளிருக்கும் நீர் 34ஆம் வார அளவில் ஏறத்தாழ 800 மில்லிலிட்டர். இறுதி மாதங்களில் அதன் பெரும்பகுதி சிசுவின் சிறுநீரே. அதனையே சிசு மீண்டும் விழுங்குகிறது. தாயின் குருதியோடு ஒப்பிட, இந்நீரில் மொத்தப் புரதம் மிகக் குறைவு. 1951இல் லௌரி முதலியோர் வகுத்த முறைப்படி, நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு மொத்தப் புரதத்தைக் கணக்கிடலாம். எனினும் 'எவ்வளவு' என்று சொல்லும் அம்முறை, 'எது' என்று சொல்லாது. நமக்கு வேண்டியதோ 'எது' என்பதே.

முன்பெல்லாம், இன்றும் பல இடங்களில், நிறம் மாறும் தாளையே மருத்துவர் நாடுவர். பிறப்புவழியின் இயல்பான சுரப்பு அமிலத்தன்மை உடையது. பனிக்குட நீர் அவ்வாறன்று. எனவே தாள் நீலமாகும். ஆனால் இரத்தம் கலந்தாலும் தாள் நீலமாகும். கிருமித் தொற்று இருந்தாலும் ஆகும். இங்கேதான் தனிப் புரதங்கள் துணைக்கு வருகின்றன. பிளசென்டல் ஆல்ஃபா மைக்ரோகுளோபுலின்-1 என்பது அவற்றுள் ஒன்று. (பெயர் நீளம்தான், தமிழ்ப்பெயர் சூட்டும் பணி எஞ்சியிருக்கிறது.) பனிக்குட நீரில் அது மில்லிலிட்டருக்கு 2000 முதல் 25,000 நானோகிராம் வரை உள்ளது. தாயின் குருதியில் 5 முதல் 25 வரை. இயல்பான சுரப்பில் ஒரு நானோகிராமுக்கும் குறைவு. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்துணை பெரிய வேறுபாடு இருப்பதால், அப்புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசிய பட்டை, சில மணித்துளிகளில் கோடிட்டுக் காட்டிவிடுகிறது. கருவுற்றதை அறியும் அட்டையின் தத்துவமும் இதுவே. மருத்துவர் கருவி கொண்டு நோக்கும்போதே நீர் தேங்கியிருப்பது தெரிந்தால் இச்சோதனை தேவையில்லை. ஐயம் நிற்கும் இடத்திற்கே இது உரியது.

மற்றொன்று ஃபைப்ரோனெக்டின். வெளிச்சவ்வையும் கருப்பையின் உட்படலத்தையும் ஒட்டவைக்கும் பசை போன்ற புரதம் இது. 22 முதல் 35 வாரம் வரை இது பிறப்புவழிச் சுரப்பில் பெரும்பாலும் காணப்படாது. 50 நானோகிராமுக்கு மேல் தோன்றினால் பசை விடுபடத் தொடங்கியதோ என ஐயுறலாம் என்று 1991இல் லாக்வுட் முதலியோர் எடுத்துரைத்தனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. வலியோடு வந்த தாய்க்கு 'இல்லை' என்று முடிவு வந்தால், அடுத்த ஏழு நாளில் பேறு நிகழாது என்பதைப் பெரிதும் நம்பலாம். 'உண்டு' என்ற முடிவுக்கு அத்தகைய உறுதி கிடையாது. அத்தாய்மாருள் பலர் நிறைமாதம் வரை செல்வதுண்டு. தேவையற்ற மருந்தையும் அலைச்சலையும் தவிர்ப்பதிலேயே இச்சோதனையின் பெரும்பயன் இருக்கிறது எனலாம்.

கருவி எதுவாயினும், தாய் வாய் திறந்து சொன்னால்தான் அதற்கு வேலை. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்டிர்க்கென மேரி ஷார்லீப் அம்மையார் 1885இல் சென்னையில் ஒரு மருத்துவமனை கண்டார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் பெற்றிருப்பினும், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் முதியோர் அதனைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே அழைப்பர். எம் தமக்கையார் அப்போது வாழ்ந்தது அதற்கு நடந்து செல்லும் தொலைவில்தான்.

கசிவு என்று ஐயம் எழுந்தால், தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, தூய துணியொன்றை வைத்து, நீரின் நிறத்தையும் மணத்தையும் கவனித்து, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பச்சையோ பழுப்போ கலந்திருப்பின், சிசு வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்திருக்கக் கூடும். அப்போது விடியும் வரை காத்திருத்தல் ஆகாது.