ஆற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு கால்வாய்: 22 ஆண்டுகள் வெட்டி, பாதியில் நின்ற கதை

ஆறு ஓடுகிறது. அதே ஆற்றின் கரையிலேயே, சில இடங்களில் கல்லெறி தூரத்தில், ஒரு கால்வாயையும் வெட்டுகிறார்கள். அதுவும் ஐந்து, பத்து கிலோமீட்டர் அல்ல. ஏறக்குறைய 297 கிலோமீட்டர். தண்ணீர் கண்ணெதிரே ஓடும்போது எதற்காக இந்த வீண்வேலை என்று கேட்கத் தோன்றும்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டி ஓடும் பொட்டோமேக் ஆற்றின் கரையில்தான் இந்தக் கால்வாய் இருக்கிறது. செசபீக் – ஒஹாயோ கால்வாய் என்பது அதன் பெயர். ஏன் வெட்டினார்கள் என்பதற்குப் பதில் அந்த ஆற்றிலேயே இருக்கிறது. பொட்டோமேக் சாதுவான ஆறு அல்ல. வாஷிங்டனுக்குச் சற்று மேலே, கிரேட் ஃபால்ஸ் என்ற இடத்தில், ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் 76 அடி கீழே இறங்குகிறது. பாறைக்குப் பாறை மோதி நுரைக்கும் அந்த இடத்தில் எந்தச் சரக்குப் படகு போகும்? மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் முழங்கால் தண்ணீர். மலைக்கு அப்பால் விளையும் தானியமும், தோண்டி எடுக்கும் நிலக்கரியும் கடற்கரைக்கு வர வழியில்லை.

இதை முதலில் சரிசெய்ய முயன்றவர் ஜார்ஜ் வாஷிங்டன். அதிபராவதற்கு முன்பே, 1785-இல், ஆற்றைச் சீர்படுத்த ஒரு கம்பெனி தொடங்கி அதற்குத் தலைவராகவும் இருந்தார். அருவிகளைச் சுற்றிக்கொண்டு போகச் சிறு கால்வாய்கள் வெட்டினார்கள். கிரேட் ஃபால்ஸ் வேலை முடிந்தது 1802-இல். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அப்போதும் ஆண்டில் சில மாதங்களுக்குத்தான் படகு ஓட முடிந்தது. ஆற்றை நம்பிப் பயனில்லை, ஆற்றிடம் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டு வழியை நாமே போட்டுக்கொள்வோம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

1828 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டு வெட்டினார். அடியில் இருந்த வேரில் மோதி மண்வெட்டி இறங்கவில்லை. மறுபடியும் முயன்றார், நடக்கவில்லை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வெட்டியதும் மண் பெயர்ந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. அதே நாளில், பால்டிமோர் நகரில் இன்னொரு விழா. பால்டிமோர் – ஒஹாயோ இரயில்வேக்கு முதல் கல் நட்டார்கள். இரண்டும் மேற்கே ஒஹாயோ ஆற்றுப் பகுதியைப் பிடிக்கப் புறப்பட்டவை. கால்வாய்க்கு எமன் கால்வாய் பிறந்த அன்றே பிறந்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

கால்வாய் எப்படி வேலை செய்தது? வாஷிங்டன் பக்கத்து ஜார்ஜ்டவுனிலிருந்து மலையடிவார ஊரான கம்பர்லாந்து வரை நிலம் 605 அடி உயர்கிறது. தண்ணீர் மேட்டில் ஏறாது. படகை ஏற்றத்தான் ‘லாக்’ எனப்படும் நீர்ப்பூட்டுகள். கல்லில் கட்டிய நீளமான தொட்டி, இரு முனையிலும் மரக்கதவுகள். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேல்பக்கத்து மடையைத் திறந்தால் தண்ணீர் நிரம்பும். நிரம்ப நிரம்பப் படகு தானாக உயரும். மேல்கதவைத் திறந்து வெளியே போய்விடலாம். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்தால் போதும். பம்பு இல்லை, இயந்திரம் இல்லை. ஒவ்வொன்றும் சுமார் எட்டு அடி ஏற்றும். மொத்தம் 74 நீர்ப்பூட்டுகள். குறுக்கே வரும் சிற்றாறுகளைத் தாண்ட 11 தொட்டிப் பாலங்கள். கீழே ஆறு, மேலே பாலத்துக்குள் கால்வாய், அதில் படகு! மொனாகசி என்னும் ஆற்றின் மேல் ஏழு வளைவுகளோடு கட்டிய பாலம் இன்றும் நிற்கிறது.

இதையெல்லாம் வெட்டியவர்கள் யார் என்பதில்தான் நம் கவனம் போக வேண்டும். பெரும்பாலும் அயர்லாந்துக்காரர்கள். 1829-இல் கம்பெனி கடல் கடந்து ஆள் எடுத்தது. கப்பல் செலவைக் கம்பெனி கொடுக்கும், வேலை செய்து அதைக் கழிக்க வேண்டும். தோட்டத்து வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. வந்தவர்களில் பலர் ஓடிப்போனார்கள். கம்பெனி அவர்களைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தியது. 1832-இல் காலரா வந்தது. குடிசைகளில் நெருக்கியடித்துக் கிடந்தவர்கள் மடிந்தார்கள், மிஞ்சியவர்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள். 1834 ஜனவரியில், பணமும் வேலையும் குறைந்த நேரத்தில், அயர்லாந்தின் இரு பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் கூட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் இராணுவத்தை அனுப்பினார். தொழிலாளர் தகராறு ஒன்றை அடக்க அமெரிக்கக் கூட்டரசுப் படை இறங்கியது அதுதான் முதல் முறை.

இதற்கிடையே இரயில்வேயோடு வழக்கு. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இடுக்கான நிலம், இரண்டுக்கும் இடமில்லை. 1832-இல் வழக்கில் கால்வாய் வென்றது. ஆனால் அதற்குள் காலம் கரைந்துவிட்டது. பாவ் பாவ் என்ற இடத்தில், ஆறு வளைந்து வளைந்து போவதைத் தவிர்க்க மலையைக் குடைந்தார்கள். 3,118 அடி நீளச் சுரங்கம். 1836-இல் தொடங்கிய வேலை, பணமில்லாமல் பல ஆண்டுகள் கிடந்து, 1850-இல்தான் முடிந்தது.

அந்த 1850 அக்டோபரில் கால்வாய் கம்பர்லாந்தைத் தொட்டது. இரயில் அங்கே போய்ச் சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன! 45 லட்சம் டாலரில் முடியும் என்றார்கள். 1 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. மலையைத் தாண்டி ஒஹாயோ ஆறு வரை போகும் திட்டம் அங்கேயே கைவிடப்பட்டது. பெயரில் மட்டும் ஒஹாயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் இதைத் தோல்வி என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1924 வரை அதில் படகு ஓடியது. நிலக்கரிதான் முக்கியச் சரக்கு. 1875-இல் ஏறக்குறைய 10 லட்சம் டன் சரக்கு போனது. ஒரு படகு நூறு டன்னுக்கு மேல் சுமக்கும். அதைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தவை கோவேறு கழுதைகள். ஒரு சோடி இழுக்கும்போது இன்னொரு சோடி படகிலேயே இளைப்பாறும். குடும்பம் குடும்பமாகப் படகில் வாழ்ந்தார்கள். கழுதைகளை ஓட்டிக்கொண்டு கரையில் நடந்தது பெரும்பாலும் பிள்ளைகள். குளிர்காலத்தில் கால்வாயை வடித்துவிடுவார்கள். அப்போதுதான் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நீர்ப்பூட்டுக் காவலருக்குக் கரையில் வீடு உண்டு, ஆனால் தூக்கம் கிடையாது. இரவு எத்தனை மணிக்குப் படகு வந்து கூப்பிட்டாலும் எழுந்து கதவு திறக்க வேண்டும்.

கடைசியில் கால்வாயை முடித்து வைத்தது, அது யாருக்குப் பயந்து ஒதுங்கி வெட்டப்பட்டதோ அந்த ஆறேதான். ஆற்றோரமாகவே போனதால் ஒவ்வொரு வெள்ளமும் கரையை அறுத்தது. 1889 வெள்ளத்தில் கம்பெனி திவாலானது; கால்வாய் போட்டியாளரான இரயில்வேயின் கைக்கே போனது. 1924 வெள்ளத்துக்குப் பிறகு யாரும் பழுதுபார்க்கவில்லை. 1938-இல் அரசாங்கம் 20 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது.

பிறகு கால்வாயின் வழியிலேயே கார்ச் சாலை போடும் யோசனை வந்தது. 1954 ஜனவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்த நாளிதழுக்கு ஒரு கடிதம் போட்டார்: என்னோடு கால்வாய்க் கரையில் நடந்து வாருங்கள், பிறகு எழுதுங்கள் என்பது அதன் சாரம். ஆசிரியர்களும் வந்தார்கள். மார்ச் மாதக் குளிரில், கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை எட்டு நாள் நடை. முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் ஒன்பது பேர். 55 வயது டக்ளஸ் அதில் ஒருவர். காலில் கொப்புளம் கண்ட ஆசிரியர்கள் தங்கள் கருத்தை ஓரளவு மாற்றிக்கொண்டார்கள். சாலை வரவில்லை. 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது.

இன்று அந்தக் கரையில் சைக்கிளில் போகிறார்கள், நடக்கிறார்கள். காவலர்களின் பழைய வீடுகள் சிலவற்றில் வாடகைக்குத் தங்கலாம். பல இடங்களில் கால்வாய்க்குள் மரம் வளர்ந்துவிட்டது. பாவ் பாவ் சுரங்கத்துக்குள் கைவிளக்கோடு போனால், பாதையோரக் கைப்பிடியில் வரிவரியாகப் பள்ளங்களைப் பார்க்கலாம். கழுதைகள் இழுத்த கயிறு உரசி உரசி அறுத்த தடங்கள் அவை.