தேவாலா: லண்டனையே ஏமாற்றிய நீலகிரி தங்கம்! இப்போது அங்கே என்ன இருக்கிறது?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ரீல்ஸில் போட்டு முடிச்சாச்சா? அடுத்த ரைடுக்கு ஒரு ஊர்: தேவாலா. ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாக கூடலூர் இறங்கி, நாடுகாணி தாண்டினால் வரும். இன்னும் கொஞ்ச தூரத்தில் பந்தலூர். பார்த்தால் தேயிலையும் மழையும்தான். ஆனால் 1880-ல் லண்டன் பங்குச்சந்தையில் இந்த இரண்டு ஊர் பெயர்களும் செம ஹிட்!

அப்படி என்ன நடந்தது?

இந்தப் பகுதியின் ஓடைகளில் குறும்பர், பணியர் மக்கள் மரத்தட்டில் மண்ணை அலசி தங்கத்துகள் எடுப்பது பழைய வழக்கம். அதைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு ஆசை வந்தது. 1879-ல் அரசு, ராபர்ட் ப்ரஃப் ஸ்மித் என்பவரை அழைத்து ஆய்வு செய்யச் சொன்னது. இவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். விக்டோரியா அப்போது தங்கத்துக்குப் பேர்போன இடம். அங்கிருந்து வந்தவரே 'தங்கம் இருக்கு' என்று அறிக்கை கொடுத்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

அடுத்த ஓரிரு வருடத்தில் 40-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முளைத்தன. காகிதத்தில் மொத்த முதலீடு சுமார் 50 லட்சம் பவுண்டு. இங்கேதான் ட்விஸ்ட். அந்தச் சமயம் பூச்சியாலும் இலை நோயாலும் காபித் தோட்டங்கள் நொடித்துக் கிடந்தன. 'தங்க நிலம்' என்ற பெயரில் அந்தத் தோட்டங்கள் எக்கச்சக்க விலைக்கு நிறுவனங்களின் தலையில் கட்டப்பட்டன. பாறையை இடிக்கும் இயந்திரங்கள் மலையேறி வந்தபோது உண்மை தெரிந்தது. ஒரு டன் பாறைக்குச் சில கிராம்தான்! சில வருடங்களிலேயே கம்பெனிகள் மூடப்பட்டன. என்னைக் கேட்டால் இது சுரங்கக் கதையே இல்லை, ரியல் எஸ்டேட் கதை.

அதே 1880-ல் கோலாரில் இறங்கிய ஜான் டெய்லர் நிறுவனத்துக்கு அதிர்ஷ்டம் வேறு மாதிரி. 2001-ல் மூடப்படும்வரை அங்கே 800 டன்னுக்கு மேல் தங்கம் கிடைத்தது.

தங்கம் போன பிறகு?

தேயிலை வந்தது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் அரசே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் இன்றைய டான்டீ. இன்னொரு பக்கம், இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலம். அதை ஒழிக்க 1969-ல் சட்டம் போட்டும் பல குடும்பங்களுக்கு இன்னும் பட்டா கிடைக்கவில்லை.

பழைய சுரங்கக் குழிகள் இன்றும் இருக்கின்றன. தோட்ட வேலை இல்லாத நாளில் சிலர் திருட்டுத்தனமாக உள்ளே இறங்கி, கல்லை உடைத்துப் பாதரசம் சேர்த்துத் தங்கம் பிரிக்கிறார்கள். மண் சரிந்து உயிர்போன சம்பவங்களும் உண்டு. ஆகவே வாசலில் செல்ஃபி ஆசைகூட வேண்டாம் பாஸ்.

போகிறவர்கள் நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழையில் தேவாலாவைத் தவிர்த்துவிடுங்கள், தமிழகத்தில் அதிக மழை கொட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. இருட்டினால் ரோட்டில் யானை நிற்கும்.

வழியில் டான்டீ லைன் வீடுகளைப் பார்ப்பீர்கள். 2022-ல் டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கும் மேலான நிலத்தை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யவேண்டிய தொழிலாளர்கள், அதற்குப் பிறகு எங்கே போவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.