சங்கை அளந்த வளையம் எங்கே?

ராமேஸ்வரம் கடைத்தெருவில் ஒரு சாவிக்கொத்து வாங்கினேன். கம்பியின் முனையில் ஒரு சங்கு தொங்கியது. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். மேல்தோலைச் சுரண்டி, வெள்ளை வெளேரென்று ஆக்கி, வயிற்றில் சிவப்பு மையால் ஊர்ப்பெயரை எழுதியிருந்தார்கள். ஐம்பது ரூபாய். "ரெண்டா எடுத்தா எண்பது போட்டுக் குடுங்க" என்றார் கடைக்காரர்.

மறுநாள் தூத்துக்குடி திரேஸ்புரத்தில், வாழ்நாளெல்லாம் சங்கு குளித்து ஓய்ந்த ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணையில் அதை எடுத்து நீட்டினேன். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "பால்குடியில்லா இது, தம்பி!" என்றவர், சங்கை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, இரண்டு கை விரல்களையும் சேர்த்து ஒரு வட்டம் பிடித்தார். "இதுக்குள்ள போடுங்க." போட்டேன். விரலில் எங்கும் தட்டாமல் நேராகத் தரையில் விழுந்து உருண்டது.

"விழுந்தா கடலுக்கு, நின்னா கரைக்கு. அன்னைக்குக் கணக்கு அவ்வளவுதான்."

சங்கு அரசாங்கச் சொத்தாக இருந்த காலத்துக் கணக்கு அது. குளித்து எடுத்ததெல்லாம் அரசாங்கக் கிடங்குக்கு வந்தாக வேண்டும். அங்கே வட்டமாகத் துளை போட்ட அளவு வைத்திருப்பார்கள். சங்கின் அகலமான இடம் அந்தத் துளைக்குள் நுழைந்து வெளியே வந்துவிட்டால் காசு கிடையாது. உயிரோடு இருப்பதால் கடலுக்கே திரும்பிப் போகும். 57 மில்லிமீட்டராக இருந்த அளவு பிற்பாடு 64 ஆக ஏறியது. பழைய ஆட்கள் பேச்சில் இரண்டேகால் அங்குலம், இரண்டரை அங்குலம்.

இதில் கருணை எதுவும் இல்லை, வருமானம்தான். நம் கடலின் சங்கு வங்காளத்துச் சுமங்கலிகளின் கைக்கு வளையலாகப் போகிறது. அறுத்து வளையல் எடுக்கச் சங்கு பருத்திருக்க வேண்டும். பொடிச் சங்கு அதற்கு உதவாது. கொற்கை அகழாய்வில் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்திருக்கின்றன என்றால் இந்தத் தொழிலின் வயதை ஊகித்துக்கொள்ளலாம். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியச் சங்குக்கென்றே தனிப் புத்தகம் எழுதும் அளவுக்கு அது அரசின் கஜானாவோடு சம்பந்தப்பட்டிருந்தது. கஜானாவுக்காகப் பிடித்த வளையம் கடலுக்கும் நல்லது செய்தது.

எவ்வளவு நல்லது என்பது சங்கு பிறக்கும் விதத்தைப் பார்த்தால்தான் விளங்கும்.

எட்டு, பத்துப் பாகம் ஆழத்தில் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்), மணலில் பாதி புதைந்து கிடக்கிறது சங்கு. நாம் பூஜையறையில் பார்க்கும் வெள்ளை அங்கே இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு தோல் போர்த்தியிருக்கும். மணலுக்குள் இருக்கும் புழுக்கள்தான் அதற்குச் சாப்பாடு. மெல்ல ஊர்ந்து போகும்போது மணலில் ஒரு கோடு விழும். குளிப்பவர்கள் தேடுவது சங்கை அல்ல, அந்தத் தடத்தை. தடத்தின் ஒரு முனையில் சங்கு இருந்தே தீரும்.

ஆண்டின் முதல் மாதங்களில் தாய்ச் சங்கு முட்டைக் கூடு வைக்கிறது. கடாவின் கொம்பு போல முறுக்கிக்கொண்டு, அடி மணலில் புதைந்து, அறை அறையாக அடுக்கிய கூடு. அதிலிருந்து வெளியே வருவது முட்டையோ புழுவோ அல்ல, முழுச் சங்கு. முதுகில் ஓட்டோடு, குட்டியூண்டு உருவத்தில், இருநூறு சொச்சம். சிப்பி, மட்டிக்கெல்லாம் உள்ளதுபோல நீரோட்டத்தில் மிதந்து திரியும் பருவம் சங்குக் குஞ்சுக்கு இல்லை. பிறந்த மணலிலேயே ஊர்ந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே முட்டை வைக்கும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். ஓர் இடத்துச் சங்கை வழித்தெடுத்துவிட்டால், அடுத்த ஊர்க் கடலிலிருந்து மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்ப அதற்குப் பிள்ளைகள் கிடையாது.

முத்துச் சிப்பியின் கதை நேர் எதிர். அதன் குஞ்சுகள் வாரக் கணக்கில் நீரில் மிதந்து, கடலடிப் பாறைத் திட்டான எந்தப் பாரில் ஒட்ட வாய்க்கிறதோ அங்கே ஒட்டும். ஒரு வருஷம் தோலாயிரம் பாரில் கோடிக்கணக்கில் கிடக்கும். அடுத்த சில வருஷம் ஒன்றுகூட இருக்காது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பிறகு 1973இல் வேப்பலோடையில் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தையே உண்டாக்கிக் காட்டினார்கள். ஆனாலும் பார்களில் அந்தப் பழைய குளிப்பு திரும்பவில்லை. முத்து நம் பேச்சைக் கேட்காது. சங்கு கேட்கும். எந்த ஊர் தன் மணலைக் காக்கிறதோ, அந்த ஊர்ப் பிள்ளைக்கே அது கிடைக்கும்.

"அப்போ சங்கை நிறைய எடுக்கலியா, ஐயா?" என்று கேட்டேன்.

"எடுத்தோம். எடுக்க முடியலியே!" என்று சிரித்தார் பெரியவர்.

புரியவில்லை. விளக்கினார். மூச்சை இழுத்துப் பிடித்துக் குதித்தால் கீழே இருக்கக் கிடைப்பது ஒரு நிமிஷம் போல. அதற்குள் தடத்தைப் பார்த்து, தொடர்ந்து போய், எடுத்து, மேலே வர வேண்டும். ஒரு முங்கலுக்கு ஒன்று. அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. வெறுங்கையோடு வந்ததும் உண்டு. பத்துப் பாகத்துக்கு மேல் ஆழம் என்றால் அந்தப் பக்கமே போவதில்லை. "ஆழத்துல கெடந்தது எல்லாம் விதைச் சங்கு மாதிரி. நாங்க விட்டு வைக்கல. மூச்சு விட்டு வச்சுது."

அன்று சங்கைக் காத்தவை இரண்டு. கரையில் வளையம், கடலுக்குள் மூச்சு. இரண்டும் இன்று இல்லை.

மூச்சின் இடத்தில் கம்ப்ரசர் வந்துவிட்டது. டயருக்குக் காற்றடிக்கும் அதே இயந்திரம். படகில் அது ஓட, நீளக் குழாயின் மறுமுனையை வாயில் கடித்துக்கொண்டு இறங்கினால் மணிக்கணக்கில் கீழேயே நடக்கலாம். கைக்கு எட்டியதை எல்லாம் பையில் போடலாம். பெரிது, சிறிது பார்க்க அங்கே யாருக்குப் பொறுமை? தடை உண்டு, தடையோடு கம்ப்ரசரும் உண்டு. அந்தக் காற்றில் எண்ணெய்ப் புகை கலந்திருக்கும். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கும் இளைஞர்களையும், படகிலிருந்து பிணமாக இறக்கப்பட்டவர்களையும் இந்தக் கரை பார்த்திருக்கிறது.

ஆளைக் கொல்லும் கருவியும் சங்கின் வம்சத்தை அறுக்கும் கருவியும் ஒன்றாக இருக்கும் விநோதத்தை என்னவென்பது?

குளிப்பவர்கள் தரப்பில் பதில் இருக்கிறது: இழுவைப் படகின் மடியில் பொடிச் சங்கு கூடை கூடையாக வருகிறதே, அதை யார் கேட்டது? 2001இல் கடல் அட்டையையும் தடை செய்த பிறகு நாங்கள் எதைத்தான் எடுப்பது? நியாயமான கேள்விகள். ஆனால் அடுத்தவன் எடுக்கிறான் என்பதற்காக நாமும் பால்குடியை எடுத்தால், பத்து வருஷம் கழித்துத் திட்டிக்கொள்ளக்கூட இரண்டு தரப்பும் மிஞ்சாது.

எனக்கு உறுத்துவது வளையம்தான். பொடிச் சங்குக்குக் காசு கிடையாது என்று ஒரு காலத்தில் கரை சொன்னது. அதனால் கடலுக்குள் இருந்த கை தானாகவே அதை விட்டது. இன்று பெரிய சங்கு வளையலுக்கு, நடுத்தரம் பூஜைக்கு, பொடி சாவிக்கொத்துக்கு என்று எல்லா அளவுக்கும் ஒரு விலை வந்துவிட்டது. எல்லாமே விலை போகும்போது எதுவும் திரும்பக் கடலுக்குப் போவதில்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடல் தேசியப் பூங்கா அமைத்ததெல்லாம் பெரிய காரியம்தான். ஆனால் சங்கு எண்ணப்படும் இடம் பூங்கா அல்ல, ஏலக்கூடம்.

அளவு வைத்துப் பிழைத்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கொல்லத்தை ஒட்டிய அஷ்டமுடிக் காயலில், வெளிநாட்டுக் கிராக்கியை நம்பி 1980களில் மட்டி அள்ளத் தொடங்கினார்கள். 1991இல் பத்தாயிரம் டன்னைத் தொட்ட மகசூல், இரண்டே வருஷத்தில் பாதியானது. அதன்பின் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மட்டி இனப்பெருக்கம் செய்யும் காலத்தில், யாரும் இறங்கக் கூடாது என்று முடிவானது. வலைக் கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கிலோவுக்கு 1,400 சதைக்கு மேல் போகும் பொடி மட்டி ஏற்றுமதியாகாது. இயந்திரம் வைத்து அள்ளக் கூடாது. மகசூல் மீண்டது. நிலைத்த மீன்பிடிப்புக்கான பன்னாட்டுச் சான்றை இந்தியாவிலேயே முதலாவதாக 2014இல் வாங்கியது அந்த மட்டித் தொழில். பிற்பாடு மாசும், வெளியிலிருந்து வந்து பரவிய அன்னிய சிப்பியினமும் அங்கே வேறு தொல்லைகளைக் கொடுத்தது தனிக்கதை. அள்ளுவதால் வரும் அழிவை அள்ளுபவர்களே நிறுத்த முடியும் என்பதற்கு அஷ்டமுடி சாட்சி.

எதிர்க்கரையில் இலங்கையும் 70 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்கை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. ஒரே வளைகுடா, ஒரே சங்கு.

"ஊரே சேர்ந்து அளவு வைப்பதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக் கரைக்கு வந்து பார்க்கலாம். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ரோந்து இல்லை, அபராதச் சீட்டு இல்லை. ஊர் சொன்னது, ஊர் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமையைக் காக்கத் தெரிந்த கரைக்கு இரண்டரை அங்குலத்தைக் காக்கத் தெரியாதா? ஏலக்கூடத்து வாசலில் ஒரு பித்தளை வளையம். நுழைந்து விழுவதை வியாபாரி வாங்க மாட்டேன் என்ற ஒரு கட்டுப்பாடு. முட்டைக் கூடு வைக்கும் மாதங்களில் ஒரு பார்த்திட்டு மட்டும் ஓய்வு; அடுத்த வருஷம் இன்னொரு திட்டு. செலவு என்று பார்த்தால் பித்தளைக்கு ஆவதுதான்.

பேசிக்கொண்டிருந்ததில் வெயில் திண்ணையை விட்டு இறங்கிவிட்டது. கிளம்பும்போது, கீழே கிடந்த சாவிக்கொத்தை எடுத்துக் கம்பியைக் கழற்றினேன். "போற வழியில கடல்ல போட்டுரவா, ஐயா?"

பெரியவர் என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார்.

"செத்ததப் போட்டு என்ன செய்ய, தம்பி? சாவிய மாட்டிக்கிடுங்க."