களங்காண் பயணங்கள்: கோப்பாயை முன்னிறுத்திய சில சிந்தனைகள்

போர் நிகழ்ந்த இடங்களையும் பண்டைய இடிபாடுகளையும் வழிகாட்டி ஒருவரின் துணையுடன், ஓரிரவு தங்கி, ஒரே பயணத்திற் பார்த்து மீள்வது இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு வழக்கமாகும். யாழ்ப்பாணக் குடாநாடு 2009ஆம் ஆண்டின் பின்னர் இத்தகைய பயணங்களுக்கு உரிய பிரதேசமாயிற்று. நமது சங்க மாணவர் சிலர் கோப்பாயை இரவுத் தங்கலுக்குரிய இடமாகக் கொண்டு அவ்வாறான பயணமொன்றைத் திட்டமிட்டபொழுது, எளிய வினாவொன்று எழுந்தது: கோப்பாயில் எவ்விடத்தில் நிற்பது? அங்கு எதனைக் காட்டுவது? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை. களம் காட்டுதல் என்னும் செயலின் சமூக அடிப்படையை விளக்கிக்கொள்ளாமல் அதற்கு விடை கூற இயலாது என்பது நமது துணிபு.

1

களம் காட்டுதல் தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் வாகைத் திணையில் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் அருகருகே வைத்துக் கூறுகின்றது. நெல்லடிக்கும் இடமும் போர் புரியும் இடமும் களம் என்னும் ஒரே சொல்லாற் குறிக்கப்பட்டமை தற்செயலானதன்று. உழவன் களத்திற் குவித்த விளைவே போர்க்களத்தின் காரணமாகவும் பயனாகவும் இருந்த சமுதாயத்தின் மொழி அது. பொய்கையார் இயற்றிய களவழி நாற்பது இவ்வழக்கின் வளர்ச்சியாகும். சோழன் செங்கணானுக்கும் சேரமான் கணைக்கால் இரும்பொறைக்கும் இடையே நிகழ்ந்த போரை அது பாடுகின்றது. பிற்காலத்தில், செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், காளி பேய்கள் சூழக் களத்துக்கு வந்து அங்குள்ள காட்சிகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டுகிறாள். பேய்கள் அக்களத்திலேயே கூழ் சமைத்துண்டு வென்றவனை வாழ்த்துகின்றன. காட்டுபவர், காண்பவர், காட்சி, உணவு, வாழ்த்து என வழிகாட்டியுடன் கூடிய களச்சுற்றுலாவின் கூறுகள் யாவும் அங்கு அமைந்துவிட்டன எனலாம். அக்காட்சியில் இல்லாதவர் தோற்றோர் மாத்திரமே. அவர்கள் பிணமாக மட்டுமே அங்கு இடம்பெறுகின்றனர்.

இதற்கு எதிர்நிலையில் மற்றொரு மரபும் நம்மிடம் உண்டு. ஆற்றுப்படை இலக்கியத்தில் வழிகாட்டுபவன் அரச ஊழியனல்லன். அவ்வழியே முன்னர் சென்று மீண்ட வறிய கலைஞன். பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சிக்குச் செல்லும் பாணன் எயினர், ஆயர், உழவர், வலைஞர் எனப் பலதிறத்தார் வாழிடங்களில் அவரவர் உழைப்பின் விளைவை உண்டு செல்லுமாறு கூறப்படுகின்றான். முடிவில் நிற்பவன் புரவலனே என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், நாட்டை அதன் உற்பத்தியாளர் வழியாக அறிமுகஞ் செய்யும் முறை அங்கு காணப்படுகின்றது. பரணி முறை, ஆற்றுப்படை முறை என்னும் இவ்விரண்டும் இன்றைய பயணங்களை மதிப்பிடுவதற்கு நமக்குப் பயன்படும் அளவுகோல்களாகும்.

2

நவீன களச்சுற்றுலா முதலாளித்துவ யுகத்தின் விளைபொருள். வோட்டர்லூப் போர் 1815ஆம் ஆண்டு யூன் மாதம் முடிந்ததும் இங்கிலாந்திலிருந்து பயணிகள் அங்கு செல்லத் தொடங்கினர். 1871இல் பாரிஸ் கம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்ட சில வாரங்களுக்குள், எரிந்த மாளிகைகளைப் பார்ப்பதற்கு லண்டனிலிருந்து சுற்றுலாக் குழுக்கள் சென்றன. சுடப்பட்ட தொழிலாளரின் புதைகுழிகளிலும் பார்க்க அரண்மனையின் இடிபாடே அவர்களின் கருத்தைக் கவர்ந்தது. முதலாம் உலக யுத்தம் முடியுமுன்னரே, 1917இல், மிச்செலின் ரயர் கம்பனி போர்க்களங்களுக்கான வழிகாட்டி நூல்களை வெளியிடலாயிற்று. வாகனம், வீதி, தங்குமிடம் ஆகியவற்றின் சந்தையும் துக்கமும் இவ்வாறு ஒன்றிணைந்தன.

இலங்கையில் இவ்வழக்கம் வேறொரு மரபுடனும் கலந்தது. சிங்கள மக்களிடையே, ஊரவர் குழுவாகச் சேர்ந்து தலயாத்திரை செல்லும் பழைய வழக்கம் உண்டு. அக்குழுவின் தலைவர் ‘நடே குரா’ எனப்படுவார். யுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்துவிடப்பட்டதும், இரவில் தெற்கிலிருந்து புறப்பட்ட பஸ் வண்டிகள் நாகதீப விகாரைக்கான யாத்திரையையும் போர்க்களக் காட்சியையும் ஒரே வழியில் இணைத்தன. கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கி காட்சிப்பொருளாக்கப்பட்டது. ஆனையிறவில், 1991 யூலையில் உயிரிழந்த படைவீரர் காமினி குலரத்னவின் நினைவுச்சின்னம் எழுந்தது. புதுக்குடியிருப்பில் வெற்றிச்சின்னமும், கைப்பற்றப்பட்ட கலங்களின் காட்சிச்சாலையும் அமைந்தன. விடுதலைப் புலிகளின் தலைவர் வாழ்ந்த நிலக்கீழ் மாளிகை 2013 ஒக்டோபரில் தகர்க்கப்படும்வரை, பயணிகள் அதனையும் பார்த்து வந்தனர். நந்திக்கடல் ஓரத்தில் 2012இல் இராணுவத்தின் விடுதியொன்று திறந்துவைக்கப்பட்டது. காங்கேசன்துறையில், 1990இல் மக்கள் இடம்பெயர்ந்த பகுதியில், இராணுவத்தின் ‘தல்செவன’ விடுதி இயங்கிற்று.

வழியைத் திறந்தவர், வழிகாட்டியவர், உணவு விற்றவர், உறங்க இடமளித்தவர் ஆகிய அனைவரும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்தவராக இருந்தமை இங்கு கூர்ந்து நோக்கத்தக்கது. களம் பண்டமாயிற்று, அப்பண்டத்தின் உற்பத்தியும் விநியோகமும் அரச படையிடமே இருந்தன. ஆனையிறவு உப்பளத்தில் தலைமுறைகளாக உழைத்தவர்களின் கதை அப்பயணத்தில் இடம்பெறவில்லை. உப்பு விளைந்த களம் மறைந்து, தேரோர் களம் மாத்திரமே எஞ்சிற்று. இதனையே பரணி முறை என்கிறோம். பஸ் வண்டியில் வந்த சிங்கள விவசாயியையோ தொழிலாளியையோ நாம் குறைகூற வரவில்லை. அவர்தம் பிள்ளைகளே போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். மகன் மடிந்த மண்ணைக் காண வந்த தாய்க்கும் வெற்றியைக் காண அழைக்கப்பட்ட பயணிக்கும் உள்ள வேறுபாட்டை அச்சுற்றுலா அழித்துவிட்டது என்பதே நமது குற்றச்சாட்டு.

3

கோப்பாயின் முதலாவது களம் 1560ஆம் ஆண்டுக்குரியது. கோவையிலிருந்த போர்த்துக்கேயப் பதிலரசர் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் கப்பற்படையுடன் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தாக்கினார். நல்லூர் வீழவே, சங்கிலி மன்னன் கோப்பாய்க் கோட்டைக்குப் பின்வாங்கி, அங்கிருந்தும் தப்பிச் சென்றான் என்பர். பின்னர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆயினும், மக்கள் போர்த்துக்கேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழவே, அவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கி மன்னாரிற் கோட்டை அமைத்தனர். இப்படையெடுப்பின்போது கைப்பற்றப்பட்ட தந்தச் சின்னமொன்று, பெகு நாட்டு மன்னன் பெருந்தொகை தர முன்வந்தபோதும், கோவையில் அழிக்கப்பட்டது.

கோப்பாய்க் கோட்டையை நாடிவரும் பயணிக்குக் காட்டத்தக்க கட்டடம் எதுவும் இன்று நிலைத்திருக்கவில்லை. ஆகவே வழிகாட்டி சொல்லையே நம்ப வேண்டியுள்ளது. அச்சொல்லின் தோற்றுவாய் யாது? பெரும்பாலும் யாழ்ப்பாண வைபவமாலையே. மாதகல் மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்கிணங்க இயற்றியதாகக் கூறப்படும் அந்நூல், வெவ்வேறு காலத்து ஆட்சியாளரின் செயல்களைச் சங்கிலி என்னும் ஒரே பெயரில் ஏற்றிக் கூறுவதனை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். 1560இல் போரிட்டவனும் 1619இல் பிலிப்பே த ஒலிவேராவினாற் சிறைப்பிடிக்கப்பட்டவனும் வேறு வேறானவர்கள். ஆயினும், பொதுமக்கள் நினைவில் இருவரும் ஒருவரே. இதனை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நாட்டை இழந்த சமுதாயம் தனது எதிர்ப்புணர்வை ஒரு தனிமனிதன் மீது குவித்துப் பார்த்தது. அதேவேளை, படையெடுத்தவரை வெளியேறச் செய்தது மக்கள் கிளர்ச்சியே என்னும் உண்மை, அக்குவிப்பினால் மறைக்கவும் பட்டது. மன்னனுக்குச் சிலை உண்டு; கிளர்ந்தெழுந்தவர்க்கு இல்லை.

4

கோப்பாயைச் சூழவுள்ள இடிபாடுகளை நோக்குமிடத்தும் இதே சிக்கல் தோன்றுகின்றது. கந்தரோடையிற் காணப்படும் சிறிய தூபிகளை 1917ஆம் ஆண்டளவிற் போல் ஈ. பீரிஸ் ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்வு நடத்தினர். கறுப்பு சிவப்பு மட்பாண்டங்களும் உரோம உலகுடனான வாணிபத்தோடு தொடர்புபடுத்தப்படும் மட்பாண்டங்களும் அங்கு கிடைத்தன. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் மேற்கொண்ட அகழ்வில், ஈமப் புதையலோடு பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. இச்சான்றுகள் பயிர்ச்செய்கையும் கடல் வாணிபமும் இணைந்த தொன்மையான சமுதாயமொன்றைப் புலப்படுத்துகின்றன. தமிழர் பௌத்தராகவும் இருந்தனர் என்பதை மணிமேகலையின் நாட்டவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால், கந்தரோடைக்கு வரும் பயணி ஒருவர், தூபி இருந்தமையால் இது சிங்களவர் மண் என்று கேட்டுத் திரும்புகிறார். மற்றொருவர், தூபியையே ஐயத்துடன் நோக்கித் திரும்புகிறார். இருவர்க்கும் அத்தூபியை அமைத்த கல்லூழியன் தென்படுவதில்லை.

யாழ்ப்பாணக் கோட்டை மேலும் தெளிவான பாடம். போர்த்துக்கேயர் அமைத்த நாற்கோணக் கோட்டை, மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட முற்றுகையின் பின் 1658 யூனில் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் அதனை ஐங்கோணமாகத் திருத்தியமைத்தனர். 1795இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். 1990இல் மீண்டும் முற்றுகைக்குள்ளாகிச் சிதைந்தது. வழிகாட்டிகள் இவ்வாண்டுகளைப் பிழையின்றிக் கூறுவர். ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் ‘ஊழியம்’ என்னும் பெயரால் மக்களிடம் கூலியின்றி வேலை வாங்கப்பட்டமையும், அச்சுமை எல்லாச் சாதியினர் மீதும் ஒரேயளவாக விழவில்லை என்பதும் அபூர்வமாகவே கூறப்படுகின்றன. மதிலின் முருகைக்கற்கள் அரசர்களின் பெயர்களைக் காட்டிலும் அதிகம் பேசக்கூடியவை, கேட்பவர் வேண்டும்.

5

இனி, கோப்பாயின் இரண்டாவது களத்துக்கு வருவோம். திட்டமிடலின்போது அவ்வூர் முதியவர் சிலருடன் உரையாடினோம். மன்னனின் கோட்டை பற்றி நாம் வினவினோம். அவர்களோ 1995 பற்றியே விடை கூறினர். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு நீங்கினர். செம்மணி, நாவற்குழி வழியாகவும் கோப்பாய், கைதடி வழியாகவும் அவர்கள் நடந்தனர். அம்மக்களின் வரலாற்றில் கோப்பாய் என்பது கோட்டையன்று. ஒரு வீதி, ஓர் இரவு.

அதே ஒக்டோபர் 30ஆம் நாள், ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர் என்பதையும் இங்கு கூறியே ஆகவேண்டும். சோனகத் தெருவுக்குச் செல்லாத பயணம், கோப்பாய் வீதியைப் பற்றிப் பேசும் உரிமையைப் பாதி இழந்துவிடுகின்றது. நமது துயரை மாத்திரம் காட்டுவதும் பரணி முறையின் மறுவடிவமே.

கோப்பாயில் விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லம் இருந்தது. 1995இன் இறுதியில் இராணுவம் வலிகாமத்தைக் கைப்பற்றியதன் பின்னர் அது சிதைக்கப்பட்டது. 2002இன் போர்நிறுத்தத்தின்போது மீளமைக்கப்பட்டது; யுத்தம் முடிந்தபின் மீண்டும் இடித்தழிக்கப்பட்டது. 2011இல் அந்நிலத்தில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. அவ்வியக்கத்தின் அரசியலை எவ்வாறு மதிப்பிடினும், பிள்ளையைப் புதைத்த தாய்க்கு விளக்கேற்ற ஓர் இடம் வேண்டும் என்பது அரசியற் சலுகையன்று; மனித உரிமை. ஒரே நாட்டில், ஒரு பகுதித் தாய்மாரின் துக்கத்திற்குச் சலவைக்கல்லும் மறுபகுதித் தாய்மாரின் துக்கத்திற்கு முட்கம்பியும் கிடைத்தன.

கோப்பாய்க்குத் தெற்கேயுள்ள செம்மணி மூன்றாவது களம். 1999இல் அங்கு 15 பேரின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025இல் நீதிமன்ற மேற்பார்வையில் நிகழ்ந்த அகழ்வில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றிற் சிறுவருடையனவும் உள. தொல்லியலாளர் கந்தரோடையிற் பயன்படுத்திய அதே தூரிகையும் கரண்டியும் செம்மணியிலும் பயன்பட்டன. பண்டைய இடிபாடு, போர்க்களம் என்னும் பிரிவினை அங்கு பொருளற்றுப் போகின்றது.

6

மேற்கூறியவற்றிலிருந்து, நமது பயணத்திற்கான ஒழுங்கு தானாகவே பெறப்படும். முதனாட் காலை கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் தொடங்கலாம். நண்பகலிற் கோட்டை, பின்னர் சோனகத் தெரு. அங்கிருந்து சுன்னாகம்: 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சாதியொடுக்குமுறைக்கு எதிராகப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரால் தாக்கப்பட்ட வீதி அது. சின்னம் இல்லாத காரணத்தால் அது களமன்று என்று எவரும் கூறமுடியாது. மாலையிற் கோப்பாய்.

இரவைக் கோப்பாயிற் கழிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பகலில் வழிகாட்டி பேசுகிறான்; பயணி கேட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறான். இரவு தங்குபவன் ஊரவர் வீட்டில் உண்கிறான். உண்டபின் ஊரவர் பேசுவதைக் கேட்கிறான். ஆற்றுப்படையின் பாணன் பெற்றதும் அதுவே. பரணியின் பேய்கள் வென்றவனை வாழ்த்திக் கூழுண்டன; முள்ளிவாய்க்காலில் மடிந்தோரை நினைந்து மே மாதத்தில் நம் மக்கள் உப்புக் கஞ்சி காய்ச்சிப் பகிர்கின்றனர். பயணக் குழுவின் இரவுணவு அக்கஞ்சியாகவே இருக்கட்டும். மறுநாட் காலை கைதடி வீதியாற் சிறிது தூரம் நடந்து, செம்மணியிற் பயணத்தை முடிக்கலாம்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறலாம். கோப்பாயில் நிற்க வேண்டிய இடம் கோட்டை வாயிலன்று. மக்கள் நடந்து சென்ற வீதியோரம். அங்கு நின்று நமது மாணவர்கள் முதலிற் பேசாமல் இருக்கக் கற்கட்டும். பேச வேண்டியவர்கள் அவ்வூரவர். அவர்கள் கூறுவனவற்றைக் குறித்து, சான்றுகளோடு ஒப்பிட்டு, பிழை காணுமிடத்துப் பிழையென்றும் மெய் காணுமிடத்து மெய்யென்றும் எழுதுவதே பல்கலைக்கழகத்தார் கடமை. அத்தகைய குறிப்புகளை இவ்வேட்டின் அடுத்த இதழ்களில் வெளியிடுவது பயனுடைத்து.