ஓட்டம் வந்தாச்சு, பிரேக் வரலை: ஒன்றிலிருந்து மூன்று வயது வரை

பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் குழந்தையின் 3-ஆம் மாதம் முதல் 21-ஆம் மாதம் வரை பத்துப் பருவங்கள் உண்டு. தாலாட்டும் முத்தமும் நிலாவும் வந்துபோன பிறகு, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களாக வருபவை சிற்றில், சிறுபறை, சிறுதேர். அதாவது, மற்ற பிள்ளைகள் கட்டிய மணல்வீட்டைக் காலால் கலைப்பது, பறையைத் தட்டி முழக்குவது, தேரை உருட்டிக்கொண்டு போவது. ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. மூன்றும் காலைக் காபிக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பெண் குழந்தையும் இதையெல்லாம்தான் செய்யும். புலவர்கள்தான் அவளுக்கு அம்மானையும் ஊசலும் கொடுத்துவிட்டார்கள்.

அவர்கள் பாடிக் கொண்டாடிய காரியங்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சேட்டை, அடம், பிடிவாதம். உண்மையில் நடப்பது என்ன? ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் குழந்தை நடக்கிறது, ஓடுகிறது, ஏறுகிறது, மூடியைத் திறக்கிறது. ஆனால் ‘பொறு, இப்போது வேண்டாம்’ என்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும். வண்டி ஓடத் தொடங்கிவிட்டது, பிரேக்கை இன்னும் மாட்டவில்லை. ஆகவே இந்த வயதில் குழந்தையைத் திருத்துவதைவிட, அது ஓடும் அறையையும் அன்றைய நாளின் நேரத்தையும் திருத்துவது எளிது. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

எதற்காக எல்லாவற்றையும் கீழே போடுகிறது?

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே, தன் மூன்று குழந்தைகளையும் நாள்கணக்கில் கவனித்துக் குறிப்பெடுத்தவர். குழந்தை ஒரு பொருளைக் கையை நீட்டிக் கீழே போடும். அடுத்த முறை கையைச் சற்று உயர்த்தி, அல்லது பக்கவாட்டில் திருப்பிப் போடும். ஒவ்வொரு முறையும் அது எங்கே, எப்படி விழுகிறது என்று பார்க்கும். இது குழந்தையின் சோதனைச்சாலை என்று பியாஜே புரிந்துகொண்டார். எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் ஒரு சத்தம், பந்து விழுந்தால் ஒரு சத்தம், தயிர் விழுந்தால் சத்தமே இல்லை, ஆனால் அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வருகிறது. இத்தனையும் அதற்குப் புதுச் செய்தி.

இதைத் தடுக்க முடியாது, இடம் மாற்றலாம். சமையலறையின் கீழ்த்தட்டு ஒன்றைக் குழந்தைக்கே கொடுத்துவிடுங்கள். அதில் கரண்டி, இட்லித் தட்டு, பிளாஸ்டிக் டப்பா, மூடிகள் இருக்கட்டும். ‘தொடாதே’ என்று சொல்ல வேண்டிய பொருள்கள் எவ்வளவு குறைகின்றனவோ, அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை மிஞ்சும். கதவைச் சாத்தி வைக்கவேண்டிய இடங்கள் சில உண்டு. குளியலறை வாளியில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலும் தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழுந்திருக்க முடியாமல் போகலாம். வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கொதிக்கும் ரசத்தைத் தரையில் இறக்கி வைக்கும் பழக்கத்தை இரண்டு ஆண்டுகளுக்கு விடுங்கள். மண்ணெண்ணெயையும் ஆசிட்டையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அது புண்ணாக்கிவிடும். வெளியே வரும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

‘வேணாம்’ எங்கிருந்து வந்தது?

1972-இல் பெயூலா ஆம்ஸ்டர்டாம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். குழந்தைக்குத் தெரியாமல் அதன் மூக்கில் சிவப்பு வண்ணத்தைத் தடவிக் கண்ணாடி முன்னால் நிறுத்துவது. சிறு குழந்தைகள் கண்ணாடிக்குள் இருக்கும் பாப்பாவைப் பார்த்துச் சிரிக்கும், அதைத் தொடப் போகும். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தங்கள் மூக்கையே தொட்டுப் பார்க்கின்றன. ‘அது நான்’ என்று தெரிந்துவிட்டது.

‘வேணாம்’, ‘மாட்டேன்’, ‘நானே’ எல்லாம் இதே காலத்தில்தான் சூடு பிடிக்கின்றன. தான் வேறு, அம்மா வேறு என்று தெரிந்த ஆள், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? பிடித்த வாழைப்பழத்தை நீட்டினாலும் முதலில் ‘வேணாம்’ வரும், பிறகு கை நீளும். செருப்பைத் தானே போட வேண்டும். லிஃப்ட் பொத்தானைத் தானே அழுத்த வேண்டும். வேறு யாராவது அழுத்திவிட்டால் லிஃப்ட் திரும்பக் கீழே போக வேண்டும்.

இங்கே உதவுவது ஒரு சின்ன உத்தி. ‘சட்டை போடலாமா?’ என்று கேட்டால் பதில் நமக்குத் தெரியும். ‘மஞ்சள் சட்டையா, நீலச் சட்டையா?’ என்று கேளுங்கள். தீர்மானிக்கும் உரிமை குழந்தைக்கு, எதைத் தீர்மானிப்பது என்பது உங்களுக்கு. இரண்டுக்கு மேல் காட்டினால் அது குழம்பிப்போகும். வெளியே கிளம்பும் நாளில் ‘நானே’வுக்கென்று கால் மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் பாதிச் சண்டை நடக்காது.

தரையில் புரண்டு அழும்போது

கடையில், கல்யாண மண்டபத்தில், மாமியார் வந்திருக்கும் நேரத்தில் குழந்தை தரையில் விழுந்து கத்தும். பெரியவர்கள் காரணம் தேடுவார்கள்: பிஸ்கட் உடைந்துவிட்டது, அவ்வளவுதானே! உடைந்த பிஸ்கட் கடைசித் துளி மட்டுமே. அதற்கு முன்பே பசியோ தூக்கமோ கூட்டத்தின் இரைச்சலோ நிரம்பியிருக்கும். சொல்ல வார்த்தையும் இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பொட்டேகல் இந்த அழுகைகளை நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தவர். கத்துவதும் உதைப்பதுமான கோபம் சீக்கிரம் உச்சிக்குப் போய் இறங்கிவிடுகிறது. விம்முவதும் ஆறுதல் தேடுவதுமான துக்கம் அதன்பிறகும் நீடிக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் வழி புலப்படும். உச்சத்தில் இருக்கும்போது புத்திமதி ஏறாது. அடிபடாத இடத்தில் விட்டு, குறைவாகப் பேசி, பக்கத்தில் இருங்கள். கத்தல் விம்மலாக மாறியதும் கையை நீட்டுங்கள். அந்த நேரத்தில் குழந்தை தானாகவே மடிக்கு வரும்.

செல்போனைக் கொடுத்தால் அழுகை அப்போதைக்கு நிற்கும். ஆனால் அழுதால் செல்போன் வரும் என்ற பாடமும் கூடவே போய்ச் சேரும். ‘பூச்சாண்டி வரான்’, ‘டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்’ என்று மிரட்டினால், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது யார் கஷ்டப்படப் போகிறார்கள் என்று யோசியுங்கள்.

சில குழந்தைகள் அழுதுகொண்டே மூச்சை நிறுத்தி, உதடு நீலமாகி, சில நொடிகள் துவண்டுபோவதும் உண்டு. பார்ப்பவருக்கு உயிர் போய்விடும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பிவிடும். என்றாலும் முதல்முறை இப்படி நேர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சிலருக்கு இதற்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு இருக்கிறது.

‘ஒண்ணுமே சாப்பிடறதில்லை’

இந்தப் புகார் இல்லாத வீடு அரிது. ஒரு கணக்கைப் பார்த்தால் நிம்மதி வரும். பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகியிருக்கும். அடுத்த ஓராண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையும். வளர்ச்சி அட்டையில் கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால், கிண்ணத்தில் மிஞ்சிய பருப்புசாதத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் சொன்ன பாகப்பிரிவினை எளிமையானது: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. கிண்ணத்தோடு மொட்டைமாடி வரை துரத்துவது இந்தப் பிரிவினைக்கு வெளியே. புதுக் காயைத் துப்பினால் அதை வெறுப்பதாக அர்த்தமில்லை. வற்புறுத்தாமல் எட்டு, பத்து முறையோ அதற்கு மேலோ தட்டில் வைத்த பிறகுதான் பல குழந்தைகள் ஒன்றை ஏற்றுக்கொள்கின்றன. பாலைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் வயிறு பாலிலேயே நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் குறையும். முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை ஆகியவை மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. பொடித்தோ நீளவாக்கில் நறுக்கியோ கொடுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள்.

தூக்கமும் செல்போனும்

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று மணி நேரமாவது ஓடியாடி விளையாட வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மிகக்கூடாது, குறைந்தால் நல்லது.

களைத்த குழந்தை துவண்டு படுக்கும் என்று நினைக்கிறோம். அது அறைக்கு அறை ஓடும், சிரிக்கும், கடிக்கும். கண்ணைக் கசக்கிய முதல் கட்டத்தைத் தவறவிட்டால் ‘தூக்கம் கலைஞ்சுபோச்சு’ என்று ஒரு மணி நேரம் போராட வேண்டியதுதான். ஒரே வரிசை கைகொடுக்கும்: உடம்பு துடைத்து, உடை மாற்றி, விளக்கைக் குறைத்து, ஒரு கதை, ஒரு பாட்டு. வரிசை மாறாமல் இருந்தால் அடுத்து வருவது தூக்கம் என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

அதே கதை, மறுபடியும்

அந்தக் கதை தினமும் ஒரே கதையாகத்தான் இருக்கும். நீங்கள் ஒரு பக்கத்தைத் தாண்டினால் மாட்டிக்கொள்வீர்கள். பொறுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பிரிட்டனில் ஜெசிகா ஹோர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு கதைகளைக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகளைவிட ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தைகள் புதுச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிறகுதான் கவனம் சொல்லின் மேல் போகிறது.

இந்த வயதின் பெரிய வேடிக்கை பேச்சுதான். நாய் மட்டுமா ‘பௌபௌ’? மாடும் ஆடும் குதிரையும்கூடத்தான். இரண்டு வயதையொட்டி ‘அப்பா டாட்டா’, ‘பால் வேணாம்’ என்று இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். ‘இன்னும் பேசலையே’ என்று கவலைப்படுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஒன்றரை வயதில் விரலை நீட்டி எதையும் காட்டவில்லை, பேரைக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை, வந்த சொற்கள் மறைந்துபோயின என்றால் காத்திருக்க வேண்டாம். ‘இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்ற பாட்டியின் சாட்சி உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுவது நல்லது. அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே பார்க்கும் மாவட்ட மையத்துக்கு வழி சொல்வார்கள்.

கலைக்கும் கைதான் உதவும் கையும்

2006-இல் பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றரை வயதுக் குழந்தைகள் முன்னால் துணி காயப்போட்டார்கள். கிளிப் கைதவறிக் கீழே விழுந்தது, எடுக்க எட்டவில்லை. யாரும் கேட்காமலே, பரிசு எதுவும் காட்டாமலே, பல குழந்தைகள் போய் எடுத்துக் கொடுத்தன. வேண்டுமென்றே கீழே எறிந்தபோது அவ்வளவாக எடுத்துக் கொடுக்கவில்லை. விழுந்ததற்கும் எறிந்ததற்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது!

பெட்டி ரபசோலி, அலிசன் கோப்னிக் இருவரும் 1997-இல் வெளியிட்ட சோதனையில், பெரியவர் ஒருவர் பிஸ்கட்டைச் சாப்பிட்டு முகத்தைச் சுளித்து, பச்சை ப்ராக்கோலியைச் சாப்பிட்டு ஆஹா என்றார். பிறகு கையை நீட்டினார். பதினான்கு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே நீட்டின. பதினெட்டு மாதக் குழந்தைகள் அவருக்குப் பிடித்த ப்ராக்கோலியைக் கொடுத்தன. நாலே மாத இடைவெளியில், அடுத்தவர் ஆசை தன் ஆசையிலிருந்து வேறு என்பது புரிந்துவிட்டது. உங்கள் வாயில் பாதி கடித்த, எச்சில் ஊறிய ரஸ்க்கைத் திணிக்கும் குழந்தை இந்தப் பாதையில்தான் எங்கோ வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே உதவ வரும்போது தள்ளிவிடாதீர்கள். துணி மடிக்கும்போது கைக்குட்டையைக் கொடுங்கள். வெங்காயத்தைக் கூடையில் போடச் சொல்லுங்கள். வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும் என்பது நிஜம்.

அந்த இரண்டு மடங்கு நேரம் யாருடைய நேரம் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. பெரும்பாலான வீடுகளில் பதில் அம்மாவின் நேரம். கூட்டுக் குடும்பத்தில் நாலு பேர் மாறி மாறித் தூக்கிய குழந்தையை, அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருத்தி தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். பொறுமையாக இருக்கச் சொல்லி அவளுக்கு அறிவுரை கூறுவதைவிட, அப்பா சாயங்காலம் குழந்தையைப் பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போவது அதிகம் உதவும். தாத்தா பாட்டி இருந்தால் எதற்கெல்லாம் ‘கூடாது’ என்பதைப் பெரியவர்கள் தங்களுக்குள் முதலில் பேசி முடிவு செய்யட்டும். அம்மா மறுத்த சாக்லேட் தாத்தா பாக்கெட்டில் கிடைக்கும் என்பதைக் கண்டுபிடிக்கக் குழந்தைக்கு ஒரு நாள் போதும். குழந்தை மதியம் தூங்கும் நேரத்தில் பாத்திரம் தேய்க்கலாம் என்று திட்டமிடும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: நீங்களும் கொஞ்சம் படுங்கள். பாத்திரத்தை அப்பா வந்து தேய்ப்பார்.