லாரியின் ‘கன்வெர்ட்டரை’க் கழற்றினால் இழுவை கூடுமா?

இனயம், கருங்கல் பகுதிகளில் மீனும் வாழைக்குலையும் தேங்காயும் ஏற்றும் லாரிகளை உடைய அங்கத்தினர் சிலர், புகைக்குழாயிலுள்ள ‘கன்வெர்ட்டர்’ என்னும் வினையூக்கிப் பெட்டியைக் கழற்றிவிட்டால் விளவங்கோட்டு மேடுபள்ளச் சாலைகளில் வண்டி நன்றாக இழுக்கும், டீசலும் மிச்சமாகும் என்று நம்மிடம் கூறினர். கடன் தவணை நிலுவையில் இருப்போர்க்கு இத்தகைய பேச்சு இனிமையாகவே இருக்கும். எனினும் உண்மை யாது என்று ஆராய்வோம்.

பெட்டியினுள்ளே தேன்கூடு போல் நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி உள்ளது. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம் முதலிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இடப்பட்டிருக்கும். அவற்றின்மேல் படரும் நச்சுப்புகை தீங்கு குறைந்த வாயுவாக மாறுகிறது. சென்னை முதலிய நான்கு பெருநகரங்களில் 1995-ஆம் ஆண்டு புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. டீசல் லாரிகளைப் பொறுத்தவரை, 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கு ஏற்ப, இதனுடன் கரிவடிகட்டியும், யூரியாக் கரைசல் தெளிக்கும் பகுதியும் சேர்ந்துள்ளன. மிகப் பழைய லாரிகள் பலவற்றில் இப்பெட்டியே கிடையாது. அவற்றின் இழுவைக் குறைவுக்கு இதன்மேல் பழி போடுவது வீண்.

துளைகளின் வழியே புகை செல்லும்போது சிறிது தடை ஏற்படுவது மெய்யே. ஆனால் நல்ல நிலையிலுள்ள பெட்டியில் அத்தடை அற்பம். பாரவண்டி ஓட்டுநர் அதை உணரமாட்டார். பெட்டி அடைபட்டிருந்தால் செய்தி வேறு. அப்போது புகை வெளியேற வழியின்றி இஞ்சின் திணறும். கழற்றியவுடன் வேகம் திரும்பும். ‘கழற்றினேன், இழுத்தது’ என்று சிலர் சாட்சி கூறுவது இதனாலேயே. அடைத்தது பெட்டியின் குற்றமன்று. இஞ்செக்டர் பழுதாகி டீசல் சரியாக எரியாமையும், எண்ணெய் கசிந்து எரிவதுமே பெரும்பாலும் காரணம். மூலநோய் அப்படியே இருக்க, டீசல் எவ்வாறு மிச்சமாகும்?

மேலும், புதிய லாரிகளில் உணர்கருவிகள் புகையை இடைவிடாது சோதிக்கின்றன. பெட்டி இல்லையென அறிந்ததும் விளக்கு எரியும். இஞ்சினின் ஆற்றலைக் கணினியே குறைத்துவிடும். இழுவை வேண்டிக் கழற்றியவர் இருந்த இழுவையையும் இழப்பார்.

யூரியாவைப் பற்றி விவசாய அங்கத்தினர்க்குத் தனியே ஒன்று சொல்லவேண்டும். லாரிக்குரிய கரைசலில் 32.5 சதவீதம் தூய யூரியா. எஞ்சியது தூய நீர். சூட்டில் அது அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கிணற்று நீரில் கரைத்து ஊற்றலாகாது. அது வேப்பெண்ணெய் பூசியது. அதிலுள்ள அழுக்கும் நீரின் உப்பும் தெளிகுழலை அடைத்துவிடும். மானிய உரத்தை வேறு வழிக்குத் திருப்புவதும் குற்றமாகும்.

பெட்டியை ‘இலவசமாகவே கழற்றித் தருகிறேன்’ என்பவரின் தாராளத்தையும் ஐயுறவேண்டும். உள்ளிருக்கும் பிளாட்டினத்துக்குப் பழைய உலோகச் சந்தையில் நல்ல விலை உண்டு. வண்டிக்காரர்க்கோ வழக்குத்தான் மிச்சம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019-இல் திருத்திய 190-ஆம் பிரிவின்படி, மாசு விதியை மீறி ஓட்டினால் முதன்முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அடைப்பு என்னும் ஐயம் எழுந்தால், பெட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளந்து காட்டுமாறு மெக்கானிக்கைக் கேட்கவும். வேறுபாடு மிகுதியாயின் முதலில் இஞ்செக்டரையும் எண்ணெய்க் கசிவையும் சீராக்கி, அதன்பின் பெட்டியைச் சுத்தம் செய்வதா மாற்றுவதா என்று முடிவு செய்யவும்.