நுரையீரல் தழும்பு: சிங்கப்பூர் ஆய்வில் திருப்பம் கண்ட புரதம்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வறட்டு இருமல் வாரக்கணக்கில் விடவில்லை. ‘வயதாகிவிட்டது’ என்று பலரும் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் சிலருக்கு இவை நுரையீரல் தழும்பு நோயின் தொடக்கமாக இருக்கலாம். பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களைத் தாக்கும் இந்நோய்க்குப் பல நேரங்களில் காரணம் தெரிவதில்லை.

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்காற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் பிராணவாயு ரத்தத்தில் கலக்கிறது. புகை, தூசு, கிருமி போன்றவற்றால் சுவர் சேதமடைந்தால், அங்குள்ள ஒருவகை உயிரணுக்கள் பெருகிப் புதிய சுவரை உருவாக்கும்.

அதே வேளையில் நார்த்திசு உயிரணுக்கள் கொலாஜன் எனும் புரதத்தைச் சுரக்கும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் போன்றது இது. வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரிக்க வேண்டும். இந்நோயில் சாரம் பிரிக்கப்படாமல் மேலும் மேலும் கட்டப்படுகிறது. சுவர் தடித்து, நுரையீரல் விறைத்துவிடுகிறது.

அழற்சியைத் தணித்தால் போதும் என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியது. ஆனால், ஸ்டீராய்டுடன் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த நோயாளிகளிடையே உயிரிழப்பு அதிகரித்ததாக 2012ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. தவறாகப் போகும் பழுதுபார்ப்பையே சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

இங்குதான் சிங்கப்பூரின் பங்கு வருகிறது. இன்டர்லூக்கின்-11 என்ற புரதம் உடலுக்கு நன்மை செய்வதாகவே முன்பு கருதப்பட்டது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி, தேசிய இதய நிலையம் ஆகியவற்றின் பேராசிரியர் ஸ்டுவர்ட் குக் தலைமையிலான குழு அதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. இதயத்திலும் சிறுநீரகத்திலும் தழும்பை வளர்ப்பது இப்புரதமே என அக்குழு 2017ல் அறிவித்தது.

முந்தைய குழப்பத்துக்கான காரணத்தையும் குழு பின்னர் விளக்கியது. பழைய சோதனைகள் பலவற்றில் எலிகளுக்கு மனிதப் புரதம் செலுத்தப்பட்டது. அது எலியின் சொந்தப் புரதத்தைத் தூண்டாமல் தடுத்திருக்கிறது. தடுத்ததால் கிடைத்த பலனைப் புரதத்தின் பலன் என்று எண்ணிவிட்டனர்.

நோயாளிகளின் நுரையீரலில் இப்புரதம் மிகுந்திருப்பதை 2019ல் வெளியான ஆய்வு காட்டியது. அதைத் தடுத்தபோது எலிகளின் நுரையீரலில் அழற்சி தணிந்து தழும்பும் குறைந்தது. புதிய சுவர் உருவாவதையும் இப்புரதம் முடக்குகிறது என்பது 2024ல் தெரியவந்தது.

எலிகளில் பலித்ததெல்லாம் மனிதர்களிடம் பலிப்பதில்லை. இப்புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் இப்போதுதான் மனிதர்களிடம் சோதிக்கப்படுகின்றன. 2014ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ஆகிய மருந்துகள் நோயின் வேகத்தைக் குறைக்கும். ஏற்பட்டுவிட்ட தழும்பை அகற்றா.

எனவே நோயை எவ்வளவு முன்கூட்டியே கண்டறிகிறோமோ அவ்வளவு நுரையீரல் மிஞ்சும். மூச்சிரைப்பும் வறட்டு இருமலும் நீடித்தாலோ, விரல்நுனிகள் உருண்டு தடித்தாலோ குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடலாம். மூச்சுத்திறன் சோதனையும் சிடி ஸ்கேனும் தேவையா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். புகைபிடிப்பவர்கள் அப்பழக்கத்தைக் கைவிடுவதற்கு எந்தப் புதிய மருந்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.